லடாக் போகும் வண்டிக்கு டூல் கிட்: எதை எடுப்பது, எதை விடுவது?

#1 ஓஎம்ஆர்_ஹிமாலயன் (சென்னை)

வணக்கம் நண்பர்களே. ஜூலையில் மணாலி வழியாக லே போகிறோம். என்னுடையது ஹிமாலயன் 411. கூட வரும் நண்பனிடம் டாமினர் 400. வண்டிகளை சென்னை சென்ட்ரலில் பார்சல் போட்டு டெல்லியில் எடுத்து, அங்கிருந்து ஓட்டுவதாகத் திட்டம்.

வழியில் இருக்கும் டாண்டியில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தாண்டித்தான் என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள். பெட்ரோலுக்குக் கேன் இருக்கிறது, அது கவலை இல்லை. டூல்ஸ் விஷயத்தில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு பெரிய சாக்கெட் செட் வாங்கினேன். பெட்டியோடு தூக்கினால் சேடில் பேக் ஒரு பக்கமாகச் சாய்கிறது. வீடியோ பார்த்தால் ஒருவர் நட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சு வரை எடுத்து வைக்கிறார், இன்னொருவர் கம்பெனி கொடுத்த கிட்டே போதும் என்கிறார்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சார்ச்சு, பாங் மாதிரி ஆளில்லாத இடத்தில் வண்டி நின்றால் கையில் என்ன இருக்க வேண்டும்?

#2 கொங்கு டாமினர் (ஈரோடு)

நண்பரே, இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இந்தியாவில் எந்த ஊர் முக்கிலும் ஒரு மெக்கானிக் இருப்பார். நான் எடுத்துப்போவது பஞ்சர் ஸ்ட்ரிப் கிட், சின்ன கம்ப்ரஸர், ஒரு மல்டி டூல். அவ்வளவுதான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். பெரிதாக ஏதாவது போனால் நாம் ரோட்டில் உட்கார்ந்து செய்யப் போவதில்லை, லாரியில் ஏற்றத்தான் வேண்டும். அப்புறம் எதற்கு சுமை?

#3 பாளை பட்டறை (திருநெல்வேலி)

கொங்கு தம்பி சொல்வது அவர் வண்டிக்குச் சரி. கேட்டவர் வண்டிக்குச் சரிவராது. ஹிமாலயன் 411-இல் இரண்டும் ஸ்போக் வீல், உள்ளே டியூப். பஞ்சர் ஆனால் சக்கரம் கீழே இறங்கியாக வேண்டும். கேலாங் தாண்டிவிட்டால் லே பக்கம் போய்ச் சேரும்வரை மெக்கானிக்கை நம்பிப் பயணம் போட முடியாது. கூடாரக் கடையில் டீ கிடைக்கும், நூடுல்ஸ் கிடைக்கும். உங்கள் பின் ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் அங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டறையில் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பட்டியல் கேட்கிறார்கள். பட்டியலை வைத்துத் தொடங்காதீர்கள், வண்டியை வைத்துத் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரியுங்கள். பயணத்துக்கு எடுத்துப்போக நினைக்கும் சாமான்களை மட்டும் அதன்மேல் பரப்புங்கள். வீட்டில் இருக்கும் வேறு எதையும் தொடக்கூடாது. அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். முன் சக்கரத்தையும் அப்படியே. செயினை இறுக்கித் தளர்த்திப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கை வெளியே எடுங்கள். சீட்டைக் கழற்றி பேட்டரி முனைகள் வரை போங்கள். கிளட்ச் கேபிளை இரண்டு முனையிலும் விடுவித்து மறுபடி மாட்டுங்கள். கை பட்ட சாமானை எல்லாம் வலது பக்கம் வையுங்கள். சாயங்காலம் இடது பக்கம் எது கிடக்கிறதோ அதற்குப் பயணத்தில் வேலை இல்லை. நடுவில் எந்த இடத்தில் வேலை நின்றதோ, அங்கே கடைக்குப் போய் ஒன்று வாங்குங்கள்.

இதைச் செய்தால் அந்தப் பெரிய பெட்டியில் கால்வாசி கூட மிஞ்சாது.

இன்னொரு விஷயம், எல்லா வண்டிக்கும் பொருந்தும். சர்வீஸ் விட்ட இடத்தில் ஆக்ஸில் நட்டை ஏர் கன்னால் இறுக்கியிருப்பார்கள். உங்கள் கை ஸ்பேனருக்கு அது அசையவே அசையாது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு முறை பட்டறையில் வைத்து அதைத் தளர்த்தி, மரையைத் துடைத்து, ஆக்ஸிலில் லேசாகக் கிரீஸ் தடவி, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். டார்க் ரெஞ்சின் வேலை அங்கேயே முடிந்தது, அதை மலைக்குத் தூக்கிப்போக வேண்டாம்.

ஸ்பேனர் என்றால் ஒரு பக்கம் ரிங், மறு பக்கம் திறந்த வாய் உள்ளதாக எடுங்கள். இறுகிய நட்டை ரிங் பக்கத்தால்தான் தொட வேண்டும். திறந்த வாயால் பலம் கொடுத்தால் நட்டின் மூலை மழுங்கும். மழுங்கிய நட்டை ரோட்டோரத்தில் கழற்ற வழியில்லை. ஆக்ஸிலுக்கான ரிங் ஸ்பேனர் தனியாக, நல்ல இரும்பில், டபாரியா மாதிரி கம்பெனியில் வாங்குங்கள். அதன் வாலில் நுழையும் அளவுக்கு ஒரு அடி நீள ஜிஐ பைப் வெட்டிக்கொள்ளுங்கள். கைக்கு அசையாத நட்டும் பெரும்பாலும் அதற்கு மசியும்.

#4 ஓஎம்ஆர்_ஹிமாலயன்

நன்றி அண்ணாச்சி, இந்த வாரமே செய்து பார்க்கிறேன். கம்பெனி கிட்டில் இருக்கும் ஸ்பேனர்களை அப்படியே விட்டுவிடலாமா? என்னென்ன அளவு வேண்டும்?

#5 பாளை பட்டறை

கம்பெனி கிட்டில் வண்டிக்கென்றே செய்த சாமான் ஒன்றிரண்டு இருக்கும். ஷாக் அப்சார்பரைத் திருப்பும் வளைந்த ஸ்பேனர், பிளக் கழற்றும் பெட்டி ஸ்பேனர். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தகடு வெட்டிய சரக்கு, மாற்றிவிடுங்கள்.

அளவை நான் சொல்வதைவிட உங்கள் வண்டி சொல்லட்டும். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17. நம் ஊர் வண்டிகளிலும் ஐரோப்பிய வண்டிகளிலும் 13 அதிகம் வரும். கேடிஎம் வைத்திருப்பவர்கள் நட்சத்திர வாய் உள்ள டார்க்ஸ் பிட் இல்லாமல் எங்கேயும் போக முடியாது. அல்லன் கீ 4, 5, 6 எல்லா வண்டிக்கும் வேலைக்கு வரும். லெக் கார்டு, லக்கேஜ் கேரியர், மொபைல் ஹோல்டர் என்று நீங்கள் வெளியே வாங்கி மாட்டியவற்றின் போல்ட்டுகளை மறக்காதீர்கள். முதலில் கழன்று விழுவது அவைதான், அவற்றின் அளவு கம்பெனி கிட்டில் இருக்காது.

#6 மலைப்பாதை (கோத்தகிரி)

நான் ஓட்டுவது எக்ஸ்பல்ஸ் 200. அதுவும் டியூப்தான், சென்டர் ஸ்டாண்டும் கிடையாது. அண்ணாச்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலையில் இன்னொன்றையும் சேருங்கள்: சக்கரத்தைக் கழற்றியதோடு நிற்காமல் டியூப்பையும் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். நிறையப் பேர் நல்ல கிட் வைத்திருக்கிறார்கள், டயரை நெம்பும் லீவரைக் கையில் பிடித்ததில்லை.

டயர் லீவர் மூன்று வேண்டும். இரண்டு இருந்தால் மூன்றாவது இடத்தில் கை மாட்டிக்கொள்ளும். பத்து அங்குலத்துக்குக் குறைந்த சைக்கிள் லீவர் வேண்டாம்.

செய்முறையை விரிவாகவே சொல்கிறேன். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போகட்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து இறக்க, சக்கரத்தைப் படுக்க வைத்து பூட்ஸ் குதிகாலால் ரிம்மை ஒட்டிச் சுற்றிச் சுற்றி மிதியுங்கள். டிஸ்க் தரையில் படாமல் அடியில் ஜாக்கெட்டை மடித்துப் போடுங்கள். இனி முக்கியமான இடம். நீங்கள் லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், டயரின் விளிம்பு ரிம்மின் நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்கே முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும், லீவர் வெண்ணெயாக வரும். அது இறங்காமல் எவ்வளவு நெம்பினாலும் வராது. பலம் கொடுக்கிறோம் என்றால் எதிர்ப்பக்கம் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். நிறுத்திவிட்டுப் போய் அழுத்துங்கள். எனக்குக் கை பலம் அதிகம் கிடையாது, ஆனாலும் பின் டயரைத் தனியாக மாற்றுகிறேன். இந்தப் பள்ளம் ஒன்றுதான் காரணம்.

டியூப்பை எடுத்ததும் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். ஆணியை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும். உள்பக்கத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், துணியைச் சுற்றிக்கொண்டு தடவுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும்.

புது டியூப்பில் உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று விட்டு உள்ளே நுழையுங்கள். அப்போதுதான் முறுக்காது, லீவரும் கடிக்காது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வுக்குப் பக்கத்தில் முடியுங்கள். கடைசி நான்கு விரல் அளவு வரும்போது வால்வை உள்ளே ஒருமுறை தள்ளிவிடுங்கள், டயருக்கு அடியில் டியூப் மாட்டியிருந்தால் விலகும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்க வேண்டாம், மூடிப் பக்கம் மேலேயே இருக்கட்டும். டயர் ரிம்மில் நழுவினால் வால்வு சாய்ந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டையை மடித்துச் சொருகுங்கள். பிஸ்டன் வெளியே தள்ளிவிட்டால் டிஸ்க் மறுபடி நுழையாது. ஏபிஎஸ் சென்சார் ஒயர் எங்கே போகிறது என்று கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

டியூப் எத்தனை என்று கேட்பீர்கள். உங்கள் முன் டயர் 21 அங்குலம், பின் டயர் 17. இடம் இல்லையென்றால் 21 டியூப் ஒன்று மட்டும் எடுங்கள். அவசரத்துக்குப் பின்னாலும் அதைப் போட்டு அடுத்த ஊர் வரை மெதுவாகப் போகலாம். பின் டியூப்பை முன்னால் போட முடியாது. லடாக்குக்கு என்றால் நான் இரண்டும் எடுத்துப்போவேன், ஒட்டும் கிட்டும் எடுத்துப்போவேன்.

#7 சக்கரவாகம் (மதுரை)

அக்கா, ஸ்போக் வீலை உள்ளே டேப் ஒட்டி டியூப்லெஸ் ஆக்கித் தருகிறார்களே, அதைச் செய்துவிட்டால் லீவர், டியூப் எதுவும் வேண்டாமே?

#8 மலைப்பாதை

செய்தவர்கள் இருக்கிறார்கள், நன்றாக ஓடுவதும் உண்டு. ஆனால் கல் பாதையில் ரிம் அடி வாங்கி ஒரு ஸ்போக் தளர்ந்தால் அந்த இடத்தில் காற்று கசியத் தொடங்கும். அப்போது டியூப் போட்டுத்தான் மீள வேண்டும். அதனால் ஒரு டியூப்பும் லீவரும் எப்படியும் பையில் இருக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கு முந்தின மாதம் செய்ய வேண்டிய மாற்றம் இல்லை அது. செய்வதானால் இப்போதே செய்து ஏற்காடு, வால்பாறை என்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

#9 கணக்கு வாத்தியார் (தஞ்சாவூர்)

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். டயர் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சென்னையில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. 5,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 7.8 தான். டயருக்குள் ஒன்றுமே மாறாவிட்டாலும் 30 காட்டிய கேஜ் அங்கே 37-க்குப் பக்கத்தில் காட்டும்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பலர் மேலே போய்க் காற்றை இறக்குகிறார்கள். குளிரையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் 35 டிகிரியில் 30 வைத்தால் உள்ளே மொத்த அழுத்தம் 44.7. அதே காற்று 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் 40-க்குச் சற்று மேல். அதில் 7.8 போனால் கேஜ் 32 அல்லது 33 காட்டும். ஆக உயரம் ஏற்றியதில் பெரும்பகுதியைக் குளிர் இறக்கிவிடுகிறது. தங்லங் லாவில் 5,300 மீட்டரில் நின்றுகொண்டு காற்றைப் பிடுங்காதீர்கள். அதே டயரோடு கீழே மணாலிக்கு இறங்கும்போது காற்று போதாமல் இருக்கும், கல்லில் ரிம் அடிக்கும், டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் பாம்பு கடித்த மாதிரி ஓட்டை விழும். கேஜ் ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள்.

பம்புக்கும் இதே கணக்குதான். மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். சென்னையில் நூறு மிதி மிதித்தால் ஏறும் காற்றுக்கு அங்கே நூற்று எழுபதுக்குப் பக்கம் வேண்டும், மிதிப்பவருக்கும் மூச்சு வாங்கும். அதனால் அந்த ரூட்டுக்கு பேட்டரியில் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் நல்லது. ஆனால் அதுவும் மேலே அதிக நேரம் ஓடும், சூடாகும். நடுவில் நிறுத்தி ஆறவிட்டு அடியுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அடித்தால் பேட்டரி இறங்காது. கூடவே ஒரு சின்ன கை பம்பும் இருக்கட்டும். மோட்டார் நின்றுபோனால் அது ஒன்றுதான் துணை.

கார்பன் டை ஆக்ஸைடு குப்பி 16 கிராம் என்று விற்கிறார்களே, உங்கள் 120/90 பின் டயருக்கு அது ஒன்று போதாது. சரியாக ஒட்டவில்லை என்றால் போன காற்று போனதுதான். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

#10 மின்கம்பி (சேலம்)

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நான்கு இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல் விளக்கு, கிளட்ச் லீவர் சுவிட்ச். இப்போதைய வண்டிகளில் சைடு ஸ்டாண்டு சென்சாரில் சேறு ஏறினாலே கியர் போட்டதும் எஞ்சின் அணைந்துவிடும். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும்.

அதற்கு அடுத்தது பேட்டரி முனை. கரடுமுரடான பாதையில் அதிர்ந்து அதிர்ந்து போல்ட் தளரும். அதற்கு வேண்டிய ஸ்க்ரூ டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். சீட்டைக் கழற்றும் சாவியும் அப்படித்தான்.

ஃபியூஸ் வகைக்கு இரண்டு. தகடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போனதற்குப் பதில் அதே நிறம்தான் போட வேண்டும். ஒன்று போட்டு அதுவும் உடனே போனால் ஒயர் எங்கேயோ உரசி பாடியைத் தொடுகிறது. பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயரிங்கே எரியும். முதலில் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் தேடுங்கள், திரும்பித் திரும்பி ஒயர் அங்கேதான் தேயும். அடுத்தது, வெளியே மாட்டிய ஃபாக் லைட் இணைப்பு. சந்தேகம் இருந்தால் அதை மொத்தமாகப் பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.

மல்டிமீட்டர் தெரிந்தவர்கள் எடுங்கள். தெரியாதவர்களுக்கு ஒரு 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் ஒட்டி வைத்தால் போதும். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் பிடித்து மறு முனையால் தொட்டுக்கொண்டே போனால் கரண்ட் எதுவரை வருகிறது என்று அதுவே சொல்லும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வது நடக்காது. பெட்ரோல் பம்ப் ஓடவே கரண்ட் வேண்டும். இரண்டு வண்டியாகப் போகிறீர்கள், அதனால் ஒரு பேட்டரியிலிருந்து மற்றதற்குக் கரண்ட் கொடுக்க ஜம்பர் ஒயர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

#11 பாளை பட்டறை

மின்கம்பி சொன்னது எல்லாம் முத்து. நான் விட்ட சில்லறைச் சாமான்களைச் சொல்கிறேன்.

கிளட்ச் கேபிள். புதுக் கேபிளைப் பையில் வைக்க வேண்டாம். இப்போது ஓடும் கேபிளுக்குப் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றி மூடி, டை போட்டுக் கட்டிவிடுங்கள். அறுந்தால் முனையை மட்டும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைத் தூக்க வேண்டாம். உங்கள் 411-க்கு ஆக்ஸிலேட்டர் கேபிளும் உண்டு, அதற்கும் இதையே செய்யுங்கள். புது ஹிமாலயன் 450-இல் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது, ஒயர்தான்.

லீவர். கிளட்ச் லீவர், பிரேக் லீவர் இரண்டையும் ஹேண்டிலில் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முழுதாக இறுக்காமல், கையால் பலமாகத் திருப்பினால் அசையும் அளவுக்கு வையுங்கள். வண்டி சாய்ந்தால் லீவர் ஒடியாமல் திரும்பிக்கொள்ளும். ஸ்பேர் லீவர் இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

எம்-சீல் ஒரு பாக்கெட், உப்புக் காகிதம் ஒரு துண்டு. எஞ்சினுக்கு அடியில் கல் அடித்து ஆயில் கசிந்தால் அந்த இடத்தை பெட்ரோல் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போகும்வரை தேய்த்து, அப்புறம் பிசைந்து அப்புங்கள். எண்ணெய் இருந்தால் பிடிக்காது. குளிரில் இறுக நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். டேங்கில் மயிரிழை விரிசல் விட்டால் துணி சோப்பை வைத்து அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும்.

கட்டுக்கம்பி இரண்டு மீட்டர், ஜிப் டை ஒரு கைப்பிடி, நட்டு கழலாமல் பிடிக்கும் நடுத்தர பலமுள்ள நீல நிற லாக்டைட் சின்னப் புட்டி, நட்டு போல்ட்டு வாஷர் கொஞ்சம், செயினின் இரண்டு முனையை இணைக்கும் செயின் லாக் ஒன்று. செயின் லாக் வாங்கும் முன் செயினின் பக்கத் தட்டில் அடித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய டியூப்பைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும், பத்துப் பதினைந்து வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாமானைக் கட்ட, தொங்கும் இண்டிகேட்டரைப் பிடிக்க, உரசும் இடத்தில் சுற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். புது லக்கேஜ் ஸ்ட்ராப் நழுவும் இடத்தில் கூட அது நழுவாது.

தலையில் மாட்டும் டார்ச் ஒன்று. மொபைலை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ய முடியாது.

#12 கொங்கு டாமினர்

அண்ணாச்சி, மலைப்பாதை அக்கா இருவருக்கும் நன்றி. டியூப் வண்டியோடு போனால் கணக்கு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லாரியில் ஏற்றும் அளவுக்குப் போகும் பழுதுக்கு சாமான் சுமக்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. டைமிங் செயின், பெட்ரோல் பம்ப், கிளட்ச் பிளேட் எல்லாம் ரோட்டோர வேலை கிடையாது.

டாமினரில் வரும் நண்பருக்கு இரண்டு குறிப்பு. ஸ்ட்ரிப் போடும்போது ஓட்டையை கிட்டில் இருக்கும் ரம்பப் பல் ஊசியால் நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் நுழைக்க வேண்டும். ஸ்ட்ரிப்பின் இரண்டு வாலும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கட்டும், ஊசியை வெடுக்கென்று இழுங்கள். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஸ்ட்ரிப் நிற்காது, அதை நம்பி ஓட்டவே கூடாது. அதற்கும் டியூப்தான் வழி. அவருடைய பின் டயர் 150/60-17. அந்த அளவுக்கு டியூப் ஒன்று மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பஞ்சர் ஒட்டும் பசையான சல்யூஷனில் பெரிய டியூப் ஒன்றுக்குப் பதில் சின்ன டியூப் இரண்டு, பிரிக்காததாக. ஒருமுறை திறந்தது அடுத்த பயணத்துக்குள் காய்ந்துவிடும்.

இரண்டு வண்டி என்றால் கனமான சாமானைப் பங்கு போடலாம். லீவரும் பம்பும் டியூப் வண்டியிலேயே இருக்கட்டும். மூடுபனியில் ஒருவர் முன்னால் இருபது கிலோமீட்டர் போய்விட்டால் போனில் சிக்னலும் இருக்காது.

#13 மலைப்பாதை

எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுப் பையில் டூல்ஸ் வைக்கவே கூடாது. கீழே விழுந்தால் ஸ்பேனர் முதுகெலும்பில் குத்தும். இதை யாராவது லேசாக எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். டேங்க் பேக்கிலும் லீவர் மாதிரி நீளமான இரும்பு வேண்டாம்.

கனம் கீழேயும் முன்னேயும் இருக்க வேண்டும். லெக் கார்டில் கட்டும் சின்னப் பை நல்ல இடம், ஆனால் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். சேடில் பேக்கில் வைத்தால் துணிகளுக்கு மேலே வையுங்கள். மழையில் ரோட்டோரத்தில் நின்று முழுப் பையையும் கொட்ட வேண்டிய நிலை வரக்கூடாது.

ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணிச் சுருளில் செருகி இறுகச் சுருட்டுங்கள். சும்மா போட்டால் அதிர்வில் ஒன்றோடொன்று உரசிக் கறுப்புப் பொடியாகக் கொட்டும். டியூப்பை அதோடு சேர்த்து வைத்தால் டியூப்பிலேயே ஓட்டை விழும். டியூப்பைப் பவுடர் தூவி, பழைய காட்டன் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். விரித்தால் தரையில் பாயாகக் கிடக்கும் அளவுக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டு இருந்தால் சின்ன வாஷர் மண்ணில் தொலையாது.

#14 ஓஎம்ஆர்_ஹிமாலயன்

அண்ணாச்சி சொன்னபடி அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் நேற்று முழு நாளும் செய்தோம். பின் ஆக்ஸில் நட் பைப் போட்டும் அசையவில்லை. பக்கத்து பஞ்சர் கடைக்குத் தள்ளிப்போய்த்தான் தளர்த்த முடிந்தது. இதை அங்கே போய்த் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது கிரீஸ் தடவி அளவாக இறுக்கியாகிவிட்டது, ஒற்றை ஆளாகக் கழற்ற முடிகிறது.

சாக்கெட் பெட்டியில் ராட்செட், நீட்டுத் தண்டு, ஐந்து சாக்கெட் மட்டும் வலது பக்கம் வந்தது. மீதி எல்லாம் இடது பக்கமே கிடந்தது. குறைந்தது எது என்றால், லக்கேஜ் ரேக்கின் உள்பக்கப் போல்ட்டுக்கு அல்லன் கீயின் நீளக் கால் நுழையவில்லை. அதை வெட்டிக் குட்டையாக்கி வைத்துக்கொண்டேன்.

டியூப் மாற்றியதுதான் பெரிய அனுபவம். முழங்கால் வைக்கும் இடம் புரிந்ததும் கடைசி விளிம்பு கையாலேயே உள்ளே போய்விட்டது. அக்காவுக்கு ரொம்ப நன்றி.

செயினை இறுக்கும்போது இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில்தான் இருக்கிறது, ஆனாலும் சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருக்கிறது. அப்படியே போகலாமா?

#15 பாளை பட்டறை

போகக்கூடாது தம்பி. அது செயின் சீராகத் தேயாததன் அடையாளம், சில கண்ணிகள் நீண்டுவிட்டன. இறுக்கமான இடத்தை வைத்து அளவு பார்த்துத் தளர்த்தி ஓட்டினால் ஊருக்குள் காலம் தள்ளலாம், மலைக்கு ஆகாது. செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். மாற்றிய கையோடு ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டி மறுபடி இறுக்கிவிட்டு ரயிலில் ஏற்றுங்கள். புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும்.

#16 ஓஎம்ஆர்_ஹிமாலயன்

சரி அண்ணாச்சி, நாளைக்கே மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று. வண்டி ரயிலில் போகிறது, நாங்கள் விமானத்தில் போகிறோம். டூல்ஸை வண்டியிலேயே கட்டி அனுப்பலாமா?

#17 பார்சல் ஆபீஸ் பக்கம் (சென்னை)

வண்டியோடு அனுப்பாதீர்கள். பார்சலில் வண்டி ஒன்றுதான் கணக்கு. அதில் கட்டிய பைக்கு யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். கண்ணாடிகளையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அவற்றின் ஸ்பேனரை மறக்காமல்.

ஸ்பேனர், லீவர், மல்டி டூல் எல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டும், கேபினில் விடமாட்டார்கள். பவர் பேங்க் அதற்கு நேர் மாறு, கையோடு கேபினில்தான். பஞ்சர் சல்யூஷன், செயின் ஸ்ப்ரே இரண்டும் தீப்பிடிக்கும் சாமான், விமானத்தில் எதிலும் வைக்க முடியாது. டெல்லியில் கரோல் பாக் போனால் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும், அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தால்தான் பார்சலில் எடுப்பார்கள். உங்கள் வண்டியில் பெட்ரோல் இறக்கத் தனிக் குழாய் கிடையாது. அதனால் இரண்டு நாள் முன்பிருந்தே குறைத்து ஓட்டி, மீதியை உள்ளே இருப்பது தெரியும் ஒன்றரை மீட்டர் பிளாஸ்டிக் குழாய் போட்டு இறக்குங்கள். குழாயைத் தூக்கிப் போடாதீர்கள், சுருட்டி டூல்ஸோடு வையுங்கள். டாண்டிக்கு அப்பால் ஒருவர் வண்டியிலிருந்து மற்றவர் வண்டிக்குப் பெட்ரோல் மாற்ற அதுதான் வேண்டும். டெல்லி ஸ்டேஷனில் வண்டியை எடுத்ததும் பங்க் வரை தள்ள வேண்டியிருக்கும், பகல் நேரத்தில் போய் எடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.